குளவெட்டி விதையைக் காயவைக்காதீர்கள்!

குளவெட்டி ஒரு சதுப்பு மரம், நாவல் மரத்துக்குப் பங்காளி. தெற்குக் கேரளாவின் காட்டுச் சதுப்புகள், திருச்சூர்ப் பக்கம் கலசமலைக் காவு (கோயில் காடு) போன்ற சில இடங்களில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான், சதுப்பை வயலாகவும் தோட்டமாகவும் மாற்றியதால் வந்த வினை. அழிவின் விளிம்பில் உள்ள மரம் என்பதால் பழத்தை நீங்களாகப் போய்ப் பொறுக்காதீர்கள். வனத்துறையிடமோ காவைப் பார்த்துக்கொள்பவர்களிடமோ கேட்டு வாங்குங்கள்.

பழம் கைக்கு வந்ததும் சதையைக் கசக்கிக் கழுவுங்கள். இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். சுரை விதைக்குச் செய்வது போலவே செய்தித்தாளில் பரப்பி ஒரு வாரம் நிழலில் உலர்த்தினேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. நெல் காய்ந்தால் உறங்கும், மழை வந்தால் விழிக்கும். இது அந்த ரகம் இல்லை. ஈரத்தோடு விழும், ஈரம் போனால் செத்துவிடும். விதை வங்கியில் உலர்த்திக் குளிரில் வைத்துக் காப்பாற்றவும் வழி கிடையாது, மரமாக நின்றால்தான் உண்டு. அதனால் கழுவிய அன்றே ஊன்றுங்கள், முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி மறுநாளாவது.

செம்மண், மணல், இலைமட்கு சம அளவு. விதையின் பருமன் அளவே ஆழம், அதற்கு மேல் புதைக்க வேண்டாம். தென்னை நார்க்கழிவை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள், எனக்குப் பிடிக்காது: மேலே காய்ந்த மாதிரி தெரியும், நாமும் ஊற்றிக்கொண்டே இருப்போம், அடியில் சொதசொதவென்று கிடக்கும். குட்டை டிரேயும் வேண்டாம், வேர் சுருண்டுகொள்ளும், நீளமான பாலித்தீன் பைதான் சரி. நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

பின்சேர்க்கை: சதுப்பு மரம்தானே என்று இதைப் படித்த ஒருவர் பையை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்தாராம், விதை அழுகிப்போனதாக எழுதியிருந்தார். நான் தெளிவாகச் சொல்லாதது தப்பு. முளைக்கும்வரை ஈரம் போதும், பைக்கு அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும்.

முழங்கால் உயரம் வந்த பிறகு ஓடைக்கரையிலோ கோடையிலும் காயாத தாழ்வான இடத்திலோ நடலாம். எந்தத் தாய்மரத்து விதை என்று ஒரு தகரத்தில் எழுதிக் கட்டிவிடுங்கள். ஒரே மரத்துப் பிள்ளைகளையே வரிசையாக நட்டுவிட்டு அப்புறம் விழித்த கதையும் என்னிடம் இருக்கிறது, அது இன்னொரு நாள்.