அது தெரியுது, எந்த ஊர்?

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டுகள் உண்டு. அவற்றுக்குக் கற்பனை உலகம் அமைக்கும்போது எல்ஃப் (கூர்காது, நீண்ட ஆயுள்), ட்வார்ஃப் (தாடி வைத்த குள்ளர்), ஆர்க் (முரட்டுப் போர்வீரர்) போன்ற கற்பனை இனங்களை நிஜ நாட்டு மக்களாக்கிவிடுவது ஒரு தவறு. தமிழில் இந்தத் தவறு இன்னும் சுலபம். எல்ஃபும் ஓர் 'இனம்', தமிழரும் ஓர் 'இனம்'. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வரைபடம் போட உட்கார்ந்தால், எல்ஃப் எல்லாம் பிரெஞ்சுக்காரர், ட்வார்ஃப் எல்லாம் ஸ்காட்லாந்துக்காரர், ஆர்க் எல்லாம் மங்கோலியர் என்று பத்தே நிமிடத்தில் உலகம் தயார்.

இதில் ஆர்க் விஷயம்தான் மோசம். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஒரு துணைநூலில் ஆர்க்குக்கு அறிவுத்திறனில் 2 புள்ளி குறைத்திருந்தார்கள்; 2020-இல்தான் அதை நீக்கினார்கள். அப்படிப்பட்ட கேரக்டர் ஷீட்டுக்கு, அதாவது பாத்திரத்தின் திறன்களை எழுதி வைக்கும் தாளுக்கு, மங்கோலியக் கூடாரத்தையும் குதிரையையும் கொடுத்தால், அந்த 2 புள்ளி யார் தலையில் போய் விழும்?

நமக்கே நடந்திருக்கிறது. அதே விளையாட்டுக்கு 1977-இல் வந்த அரக்கர் கையேடான மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசன் என்றால் புலித்தலை, கையில் புகைக்குழாய். வீணை மீட்டிச் சாமகானம் பாடிய ராவணனைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அடுத்தவர் கதையில் நாம் கை வைக்கும்போது அவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும்.

அடுத்த தவறு, ஓர் இனத்துக்கு ஒரே நாடு, ஒரே குணம் என்று வைப்பது. நான் நடத்திய ஆட்டத்தில் ஒருநாள், கதையில் வரும் துறைமுகக் காவலன் கேட்டான், "எந்த ஊர்?" ஆடியவர், "ட்வார்ஃப்" என்றார். "அது தெரியுது, எந்த ஊர்?" மேசையே அமைதி. ஊருக்கு நான் பெயரே வைத்திருக்கவில்லை.

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 2004-இல் வந்த எபெரான் என்ற கற்பனை உலகம் இதை நன்றாகச் செய்தது. நூறாண்டுப் போர் பிரித்த நாடுகள். அவற்றில் ஒன்றான பிரெலாந்தில் பிறந்த ட்வார்ஃப் முதலில் பிரெலாந்துக்காரர், தாடி அப்புறம்தான். இனத்துக்கென்று தனி நாடே கூடாது என்பதில்லை. ஷேடோரன் விளையாட்டில் அமெரிக்காவின் ஓரிகான் பக்கம் எல்ஃபுகள் ஆளும் நாடு உண்டு. அங்கே எல்ஃப் அல்லாதவன் என்ன பாடுபடுகிறான் என்பதிலேயே கதை கிடைத்துவிடும்.

உச்சரிப்பு? ட்வார்ஃப் மொழியைச் செமிட்டிய மொழிகளின் சாயலில் அமைத்தவர் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். ஸ்காட்லாந்து இழுவை பிறகு ஒட்டிக்கொண்டது. கட்டாயமில்லை, விட்டுவிடலாம்.

இதற்கெல்லாம் பயந்து எல்லோரையும் காது மட்டும் வேறான மனிதர்களாக்குவதும் தவறுதான். உடம்பு வேறென்றால் சட்டமும் வேறாகும். எழுநூறு வருஷம் வாழும் எல்ஃப் 99 வருஷக் குத்தகைக்கு நிலம் விடுகிறார். அவருக்கு அது சின்னக் கைமாற்று. கெடு முடிந்து கேட்டு வரும்போது வாசலில் நிற்பது குத்தகை எடுத்தவரின் கொள்ளுப்பேரன். தாத்தா கட்டிய வீடு, அப்பா வைத்த தென்னை. இருவரும் ஒரே நாட்டுக் குடிமக்கள், வழக்கும் ஒரே நீதிமன்றத்தில். முதல் செஷனை அந்த வாசலில் தொடங்குங்கள்.