ஜெல்லில் சாம்பிள் ஏற்றப் பழக அகரோஸ் வேண்டாம், கடல்பாசியே போதும்

டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் பிரிக்க, கடல்பாசியிலிருந்து சுத்திகரித்த அகரோஸில்தான் லேபில் ஜெல் வார்ப்போம். முதலாண்டு மாணவர்கள் கையில் டிஎன்ஏ சாம்பிளைக் கொடுப்பதற்கு முன்னால், மளிகைக் கடையில் கிடைக்கும் கடல்பாசியில் (சைனா கிராஸ் என்றும் விற்பார்கள்) ஜெல் வார்த்து லோடிங் (ஜெல்லின் குழிகளில் பிப்பெட் என்ற அளவுக்கருவியால் சாம்பிளை விடுவது) பழகவிடுங்கள். 100 மில்லி தண்ணீரில் ஒன்றரை கிராம் கடல்பாசியை நன்றாகக் கரையக் காய்ச்சி, குழிகள் விழுவதற்காகச் சீப்பு செருகிய ட்ரேயில் ஊற்றி, உறைந்ததும் வெறும் தண்ணீரில் மூழ்கவைத்தால் சரி. சாம்பிளுக்கு 10 மில்லி தண்ணீரில் 4 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை கேசரி பவுடரும் போதும்.

சர்க்கரைக் கரைசல் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, அதனால் அசல் லோடிங் டை (டிஎன்ஏ சாம்பிளோடு கலக்கும் கனமான சாயம்) மாதிரியே குழிக்குள் இறங்கி உட்காரும். பிப்பெட்டின் முனை (டிப்) குழியின் அடியைக் குத்திவிட்டால் சாயம் ஜெல்லுக்குக் கீழே கசிந்து பரவுவதும், பிப்பெட்டை இரண்டாவது நிறுத்தம் (மிச்சத்தையும் ஊதித் தள்ளும் கடைசி அழுத்தம்) வரை அழுத்தினால் காற்றுக்குமிழி கிளம்பி சாம்பிளையே வெளியே தள்ளுவதும் கண்ணெதிரே தெரியும். நாம் பத்து தடவை சொல்வதைவிட இதை ஒரு தடவை பார்த்தால் கை தானாக நிதானப்படும். டிஎன்ஏவைக் காட்டப் பயன்படும் ஆபத்தான சாயமான எத்திடியம் புரோமைடு இல்லாததால் பயமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யலாம், தண்ணீரை மாற்றிவிட்டு அடுத்த பேட்ச்சுக்கும் அதே ஜெல்லைக் கொடுக்கலாம்.

ஆனால் இந்த ஜெல்லில் டிஎன்ஏவை ஓட்டாதீர்கள். கடல்பாசியில் மின்னேற்றமுள்ள அகரோபெக்டின் என்ற பொருளும் கலந்திருப்பதால் டிஎன்ஏ பட்டைகள் தெளிவாக வராது. பிப்பெட் அளவு சரியா என்று பார்க்கவும் இது உதவாது; அதற்கு 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் தராசில் விட்டு 0.1 கிராம் வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி.