புதைகுழிக் காசை வைத்துக் காலம் சொல்லும்போது

தொடக்க இடைக்கால ஐரோப்பியக் கல்லறைகளில் வேலைக்கு வரும் இளையவர்கள் காசை வைத்துக் குழிகளுக்குக் காலம் எழுதும் அட்டவணைகளைப் பார்த்தால், அதே தவறுகளோடு நான் அந்த வயதில் போட்ட அட்டவணையே கண்முன் வருகிறது. காசு அடித்த ஆண்டும் ஆளைப் புதைத்த ஆண்டும் ஒன்றல்ல என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

துளை

துளையிட்ட காசு அங்கே நகை. காசுமாலையில் கோத்துத் தலைமுறைகள் தாண்டி வந்திருக்கலாம்.

கிடைத்த காசே கடைசிக் காசு என்று நம்புவது

பிராங்குகள் என்ற ஜெர்மானிய இன மக்களின் மன்னர் சில்டெரிக் இறந்தது 481 அல்லது 482-இல். 1653-இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள டூர்னேயில் வெளிப்பட்ட அவருடைய கல்லறையில் அதே காலத்தில் ஆண்ட கிழக்கு ரோமானியப் பேரரசர் சீனோவின் தங்கக் காசுகள் இருந்தன, காலம் பொருந்துகிறது. கூடவே ரோமானிய டெனாரியஸ் வெள்ளிக் காசுகளும் இருந்தன. அவற்றில் பல 1, 2-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவை மட்டும் நம் கைக்கு வந்திருந்தால்?

காசிலுள்ள பெயர்

பேரரசர் பெயரைப் போட்டுப் பிராங்குகளும் அடித்தார்கள், அவர் ஆட்சி முடிந்த பிறகும்.

வட்டமாகச் சுற்றும் கணக்கு

இது இன்றும் எனக்கு ஆத்திரமூட்டும் தவறு. ஒரு குழியில் காசும் கண்ணாடி மணிகளும் கிடைக்கும். காசை வைத்து மணிக்குக் காலம் சொல்வோம். அதே வகை மணி கிடைத்த பக்கத்துக் குழிகளுக்கும் அதே காலம். அப்புறம் அங்கே தேய்ந்துபோன காசு ஒன்று வரும். மணியைக் காட்டி அதன் காலத்தை முடிவுசெய்வோம். கடைசியில் 'காசும் மணியும் ஒத்துப்போகின்றன' என்று எழுதுவோம். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

நான் இப்படி நாற்பது குழிகளை வரிசைப்படுத்தினேன். முதல் காசின் காலத்தை நாணயவியலாளர் ஒருவர் திருத்தியதும், எந்தக் குழி எதை நம்பி நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பிரித்தெடுத்தேன்.

காசின் காலம் மாறக்கூடியதுதான். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில், ஒரு கல்லறையில் 1939-இல் கிடைத்த 37 மெரோவிங்கிய (பிராங்கிய அரச மரபின் காலத்து) தங்கக் காசுகளை முதலில் 650-க்குப் பிந்தியவை என்றார்கள். மெரோவிங்கியக் காசுகளில் தங்கத்தின் மாற்று (தூய்மை அளவு) காலப்போக்கில் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த மாற்றை அளந்து பார்த்த பிறகு காலம் 625-ஐ ஒட்டி வந்தது. சுமார் 625-இல் இறந்த கிழக்கு ஆங்கிலியா மன்னர் ரெட்வால்டின் கல்லறைதான் அது என்ற கருத்து வலுவானது. கால் நூற்றாண்டு நகர்ந்ததற்கே இவ்வளவு.

அதனால் ஆண்டை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், அந்த ஆண்டு எதிலிருந்து வந்தது என்று எழுத இன்னொரு கட்டம் போடுங்கள். மணியிலிருந்து வந்த ஆண்டை மணிக்கே சான்றாகக் காட்டாதீர்கள்.

குழியை மூடிய மண்ணில் கிடைத்த காசு

புதைக்கப்பட்டவருடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தனியாகப் பதியுங்கள்.