மலையூரில் குளிர்காலம்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

முதன்முறை குளிர்காலத்தில் மலையூருக்குப் போகிற பலர் கனமான ஜாக்கெட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஏற்றத்தில் கால் மணி நேரம் நடந்தாலே உள்ளே வேர்த்துவிடும். நின்று படம் எடுக்கும்போது அந்த வேர்வை ஆவியாகி உடம்புச் சூட்டைக் கொண்டுபோகும். நடுக்கம் எடுத்து அறைக்கு ஓடவேண்டியதுதான். தோல் ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் பூஜ்யம் டிகிரியிலும் பகல் முழுக்க வெளியில் சுற்றலாம்.

படி 1: குளிரைக் கணக்கிடுங்கள்

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 20 டிகிரி என்றால், அதைவிட 2000 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் 7 டிகிரியை எதிர்பாருங்கள். காட்சிமுனை ஊரைவிட 600 மீட்டர் மேலே இருந்தால் இன்னும் 4 டிகிரி கழியும். காற்றும் கணக்கில் சேரும்: 0 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், மூடாத முகத்துக்கு அது மைனஸ் 6 டிகிரிக்கும் கீழாகத் தெரியும்.

காற்றில்லாத தெளிந்த இரவில் இந்தக் கணக்கு தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் விடிகாலையில் பள்ளத்தாக்கின் அடியில்தான் குளிர் அதிகம், சரிவின் நடுப்பகுதியில் சற்றே கதகதப்பு. அறையை அங்கே, வெயில் விழும் பக்கமாகத் தேடுங்கள். வடக்கு அரைக்கோளத்தில் அது தெற்கு பார்த்த சரிவு.

படி 2: மூன்று அடுக்காக உடுத்துங்கள்

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய ஜாக்கெட். வெளி ஜாக்கெட் ஒரு அளவு தளர்வாக இருக்கட்டும். சூட்டைப் பிடித்து வைப்பது இழைகளுக்கு இடையில் நிற்கிற காற்று. ஸ்வெட்டர் நசுங்கினால் அந்தக் காற்று போய்விடும்.

சரியாக உடுத்தியிருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி: வெளியே வந்த முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிரவேண்டும். அப்போதே இதமாக இருந்தால் ஏற்றத்தில் வேர்க்கும். ஏற்றம் தொடங்குமுன் ஒரு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். வேர்த்தபின் கழற்றினால் பயன் குறைவு. நின்றதும், குளிரத் தொடங்குமுன்பே, திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

கால் விஷயத்தில் எல்லோரும் சறுக்குவது இரண்டு ஜோடி சாக்ஸில். ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறைய, விரல்கள் முன்பைவிடச் சில்லிட்டுப் போகும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். அதைப் போட்டுக்கொண்டே ஷூ வாங்குங்கள், உள்ளே விரல்களை ஆட்ட முடியவேண்டும்.

படி 3: நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முகடுகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். நீண்ட நடையைக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் நடுவில் வையுங்கள்.

ஒரு விடிகாலையை மட்டும் தூக்கத்துக்குக் கொடுக்காதீர்கள். பள்ளத்தில் தேங்கிய குளிர்காற்றில் மூடுபனி கட்டும். அதற்கு மேலே நின்று பார்த்தால் ஊரையே மூடிய மேகப்பரப்பு காலடியில் விரிந்திருக்கும். முந்தைய இரவு வானம் தெளிந்து, காற்று அடங்கி, முன்தினங்களில் மழையோ பனியோ பெய்திருந்தால் வாய்ப்பு அதிகம். சூரியன் உதிக்க அரை மணிக்கு முன்பே மேலே இருங்கள். வெயில் ஏற ஏற அது கலைந்துவிடும்.

அமாவாசையை ஒட்டிப் போகிறவர்கள் நட்சத்திரங்களைப் பார்க்க இரவில் விளக்கில்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். அதற்குள் ஃபோனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

படி 4: வழுக்காமல் நடங்கள்

புதுப்பனியில் நடப்பது எளிது. ஆபத்து, பகலில் உருகிய தண்ணீர் மாலையில் மறுபடி உறைவதில்தான். நிழல் விழும் வளைவு, பாலம், படிக்கட்டு மூன்றிலும் அந்தப் பனிக்கட்டி தனியே தெரியாது, அடியிலிருக்கும் தரையின் நிறத்திலேயே தெரியும். அங்கே வாத்துநடை போடுங்கள்: அடி குட்டையாக, பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பி, முழுப் பாதமும் தட்டையாகப் பதிய, உடம்பின் எடை முன்காலின் மேல். குதிகாலை முதலில் ஊன்றினால்தான் கால் வாரிவிடும். கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 5: வெயில், ஃபோன், உயரம்

புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மோவாய்க்கு அடியிலும் மூக்கின் கீழும்கூட SPF 30 சன்ஸ்கிரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். கூலிங் கிளாஸ் கட்டாயம்.

ஃபோனை உள்பாக்கெட்டில் வையுங்கள். குளிரில் 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே அணைந்துபோகலாம். சூடேறினால் பெரும்பாலும் திரும்ப வரும். உறைநிலைக்குக் கீழே மட்டும் சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி நிரந்தரமாகக் கெடும். கேமராவை அறைக்குள் கொண்டுவருமுன் வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே வந்து அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். இல்லையென்றால் லென்ஸுக்குள் நீர் படியும்.

2500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முதல் நாள் நடையைக் குறையுங்கள், மதுவைத் தவிருங்கள். ஓய்விலும் மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், உடனே கீழே இறங்கவேண்டும்.

படி 6: அறைக்குத் திரும்பியதும்

ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றுங்கள். ஷூவை ஹீட்டரை ஒட்டி வைத்தால் அதன் தோல் வெடிக்கும், பசை விடும்.

கரி அடுப்பை மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் முதல் அறிகுறிகளும் தலைவலி, குமட்டல்தான் என்பதால் உயரத்தின் தொல்லை என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள். அடுப்பு எரியும் அறையில் தலை வலித்தால் முதல் சந்தேகம் அடுப்பின் மேல் இருக்கட்டும்: எல்லோரையும் எழுப்பி உடனே வெளியேறுங்கள், அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.