பேராசை இல்லாதவர்களும் ஏமாறுகிறார்கள்: இணைய மோசடியில் நாம் செய்யும் தவறுகள்

"பேராசைப்பட்டார், ஏமாந்தார்." இணையத்தில் பணத்தைப் பறிகொடுத்தவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் எழும் முதல் பேச்சு இதுதான். ஆனால் பழைய சோபாவை விற்க நினைத்தவர், கரண்ட் பில் கட்ட நினைத்தவர், கூரியர் எங்கே நிற்கிறது என்று விசாரித்தவர், இவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அன்றாட வேலையைச் செய்யப் போன இடத்தில்தான் வலை விரித்திருக்கிறார்கள். "எனக்குப் பேராசை இல்லை, என்னை யாரும் ஏமாற்ற முடியாது" என்ற தைரியத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

அந்த சோபா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வாங்க வருகிறவர் பேரமே பேச மாட்டார். ராணுவத்தில் இருப்பதாகவும், உங்கள் ஊருக்கு மாற்றலாகி வருவதாகவும் சொல்லி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "சார், முதல்ல அஞ்சு ரூபா போடுறேன், வருதான்னு பாருங்க" என்பார். வந்துவிடும். நம்பிக்கை வருவதற்காகப் போடும் பணம் அது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு வரும். அதன் மேலேயே "12,000 ரூபாய் பெற" என்று எழுதியிருக்கும். "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்க அக்கவுண்ட்ல விழுந்துடும்."

இங்கே ஒரு நிமிடம் நின்று, பின் நம்பர் கேட்கிற திரையைப் படியுங்கள். பணம் யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்று அதில் இருக்கும். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், அல்லது இருப்பு தெரியும். ஒருநாளும் உள்ளே வராது. வரும் என்று நம்புவதுதான் முதல் தவறு. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொன்னது யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. இந்த ஏமாற்று வேலைதான் அதற்குப் பெரிய காரணம். க்யூஆர் கோடு வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

இரண்டாவது தவறு, அவசரத்தில் படிப்பது. "போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியை அழைக்கவும்" என்று ஒரு குறுஞ்செய்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. நம் ஊரில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுக்கிறார்கள். "போன மாத பில்" என்ற இடத்திலேயே பொய் தெரிந்துவிடுகிறது. ஆனால் ராத்திரி கரண்ட் போய்விடும், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்ற பதற்றத்தில் அது யார் கண்ணிலும் படாது. அந்தப் பத்து இலக்கக் கைபேசி எண்ணுக்கு அழைத்தால், பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார்கள், அதற்கு ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அது உங்கள் கைபேசித் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டும் செயலி. நீங்கள் பத்து ரூபாய் கட்டும்போது கார்டு எண், ஓடிபி எல்லாம் அங்கே தெரியும்.

"நான் யாருக்கும் ஓடிபி சொல்ல மாட்டேன்" என்பவர்களுக்கும் இது பொருந்தும். இப்போது ஓடிபியை உங்களிடம் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார்கள். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, வங்கி ரிவார்டு பாயிண்ட் என்று ஏதோ ஒரு பெயரில் ஏபிகே கோப்பு, அதாவது கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு, வாட்ஸ்அப்பில் வரும். தெரிந்த எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவருடைய கைபேசி ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கும். அதை நிறுவி, குறுஞ்செய்தி படிக்க அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு வருகிற ஓடிபி ஒவ்வொன்றும் அவர்களுக்கும் போகும். கல்யாணப் பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஏபிகேவாக வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படுகிற எண்ணை அழைப்பதும் இதே ரகம். கார்டின் பின்புறம் எண் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது. அதை அழையுங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளை இன்னொரு விதமாகப் பிடிக்கிறார்கள். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, ஹோட்டலுக்கு ரிவியூ எழுதினால் காசு என்று டெலிகிராமில் அழைப்பு வரும். முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். பிறகு ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் வரும். குழுவில் "எனக்கு இன்னைக்கு நாற்பதாயிரம் வந்துடுச்சு" என்று படம் போடுகிற அத்தனை பேரும் அவர்கள் ஆட்கள். தொகை பெரிதானதும், எடுக்க முடியாமல் "வரி கட்டு", "ஒரு டாஸ்க் தப்பாயிடுச்சு, இன்னொரு முறை கட்டு" என்று தொடங்கும். திரையில் தெரிகிற இருப்பு வெறும் எண். கொடுமை இதோடு முடியவில்லை. முதலில் உங்களுக்கு வந்த சிறு தொகை வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்தால், உங்கள் கணக்கையே வங்கி முடக்கிவிடக்கூடும்.

படித்தவர்கள், பெரிய மனிதர்கள் தப்பித்துவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024 ஆகஸ்டில் 7 கோடி ரூபாயை இழந்தார். சிபிஐ என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே அவரை "டிஜிட்டல் கைது" செய்து, உச்ச நீதிமன்றம் போலவே ஒரு விசாரணையை நடத்திக் காட்டினார்கள். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. எந்தக் காவல்துறையும் வீடியோவில் உட்காரவைத்து, பணத்தைச் "சரிபார்க்க" அனுப்பச் சொல்லாது. இந்த மிரட்டலில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: "வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, ரகசிய விசாரணை." அந்த வார்த்தை வந்ததும் இணைப்பைத் துண்டித்து, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஓஸ்வால் பணத்தில் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது, புகார் போனதால்தான். எல்லாத் தவறிலும் பெரியது புகார் கொடுக்காமல் விடுவது. அவமானமாக இருக்கிறது, வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மூடி வைப்பார்கள். அதற்குள் பணம் வேறு ஆட்களிடம் வாடகைக்கு வாங்கிய நாலைந்து வங்கிக் கணக்குகள் மாறி, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும். பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். போகிற வழியிலேயே அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வங்கிகளுக்குத் தகவல் போகும். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் (cybercrime.gov.in) தளத்திலும் புகாரைப் பதியுங்கள். உங்கள் வங்கிக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நீங்கள் தெரிவித்த பிறகு உங்கள் அனுமதியின்றிப் போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. உங்கள் வீட்டில் ஒருவர் பணம் போய்விட்டது என்று வந்து நின்றால், "எப்படி இப்படி ஏமாந்தே" என்று கேட்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு அழைப்பு வரலாம். "உங்க பணத்தைக் கண்டுபிடிச்சுட்டோம், ரிலீஸ் பண்ண மூவாயிரம் கட்டணும்" என்பார்கள். நிறுத்தி வைத்த பணத்தைத் திருப்பித் தர காவல்துறையும் வங்கியும் கட்டணம் வாங்குவதில்லை. அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.