ஒரு பில்லருக்கு மூன்று விடைகள்: கட்டுமானத் தரநிலையைப் படிக்கப் பழகும் முறை

"ஸ்லாபுக்கு 15, பீமுக்கு 25, பில்லருக்கு 40." வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கம்பி கட்டும் மேஸ்திரி எனக்குச் சொல்லித்தந்த வாய்ப்பாடு இது. கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும் என்ற கணக்கு. வேலையிடத்தில் இதைக் கவர் என்போம். நானும் அதை மனப்பாடம் செய்துகொண்டு, மழை படும் மொட்டைமாடி ஸ்லாபுக்கு 15 மி.மீ. கவர் பிளாக் (கம்பியை அந்த இடைவெளியில் நிறுத்தும் சிறு கட்டை) வைக்கச் சொல்லிவிட்டேன். ஆய்வுக்கு வந்த மூத்த பொறியாளர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, இது எந்த ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது?"

விழித்தேன். மேஸ்திரியின் வாய்ப்பாடு பொய்யில்லை. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநிலையின் 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்படித்தான் இருந்தது. 2000இல் வந்த பதிப்பு கவரைத் தீர்மானிக்கும் முறையையே மாற்றிவிட்டது. அதன்படி அந்த மொட்டைமாடிக்குத் தேவை 30 மி.மீ.; நான் வைத்ததைப் போல இரு மடங்கு. கம்பியெல்லாம் தூக்கி மறுபடி பிளாக் வைத்தோம். அன்றிலிருந்து, தரநிலையில் ஓர் எண்ணை மட்டும் தனியே பிய்த்து எடுத்துவரும் யாரையும் நான் நம்புவதில்லை; என்னையும் சேர்த்துத்தான்.

முதல் முறையாகத் தரநிலையைத் திறக்கும் மாணவருக்கும் இளம் பொறியாளருக்கும் இந்த விளக்கம். எடுத்துக்காட்டு முழுக்க ஐ.எஸ். 456 : 2000. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் பயன் அதிகம். இந்தியத் தரநிலைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். யாரோ அனுப்பிய மங்கலான ஸ்கேன் பிரதி வேண்டாம்.

படி 1: எந்த ஆவணம், எந்த ஆண்டு

தரநிலை எண்ணுக்குப் பின்னால் இரட்டைப் புள்ளி வைத்து ஓர் ஆண்டு இருக்கும். அந்த ஆண்டும் பெயரின் பகுதி. 'ஐ.எஸ். 456' என்று மட்டும் சொல்வது, ஊர்ப் பெயர் இல்லாமல் தெருப் பெயர் மட்டும் சொல்வதைப் போன்றது.

அடுத்து, கையில் இருப்பது எந்த வகை ஆவணம் என்று பாருங்கள். ஐ.எஸ். 456 ஒரு நடைமுறை விதித்தொகுப்பு: எப்படி வடிவமைப்பது, எப்படிக் கட்டுவது என்று சொல்கிறது. ஐ.எஸ். 1786 முறுக்குக் கம்பிக்கான பொருள் விவரக்குறிப்பு, ஐ.எஸ். 383 ஜல்லிக்கும் மணலுக்கும். ஐ.எஸ். 516 சோதனை முறை. ஐ.எஸ். 10262 கலவை விகிதத்துக்கான வழிகாட்டி. எஸ்.பி. (சிறப்பு வெளியீடு) என்று தொடங்குபவற்றில் பல கையேடுகள். எஸ்.பி. 34 கம்பி அமைப்பு விவரங்களைப் படம் போட்டுக் காட்டும் அருமையான கையேடு.

கையேட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஐ.எஸ். 456க்கு விளக்கவுரையாக இருக்கும் எஸ்.பி. 24 வெளிவந்தது 1983இல். அது விளக்குவது 1978 பதிப்பை. ஒரு விதி ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. ஆனால் எண்ணை அதிலிருந்து எடுத்தால் என் மொட்டைமாடிக் கதைதான் நடக்கும்.

மேற்கோள் காட்டப்படும் ஆவணங்களிலும் இதே சிக்கல் உண்டு. 2000 பதிப்பின் பின்னிணைப்புப் பட்டியலில் ஐ.எஸ். 10262இன் 1982 பதிப்புதான் இருக்கிறது. அது பிறகு 2009இலும் 2019இலும் மாறிவிட்டது. இவை தவிர, திருத்தத் தாள்கள் வேறு. சோதனை முடிவுகளை ஏற்பதற்கான அளவுகோலைத் தரும் 11ஆம் அட்டவணையே ஒரு திருத்தத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. கோப்பின் கடைசியிலோ முதலிலோ ஒட்டியிருக்கும் அந்தத் தாள்களை முதலில் படித்து, உரிய பக்கத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான், ஒரு முறை செய்தால் போதும்.

படி 2: எதைச் சொல்லவில்லை என்று பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம், முதல் பிரிவான எல்லை. 456 எதற்கெல்லாம் பொருந்தாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பாலம், புகைபோக்கி, நீர் தேக்கும் கட்டமைப்பு, நிலநடுக்கம் தாங்கும் கட்டமைப்பு ஆகியவற்றின் சிறப்புத் தேவைகள் அந்தந்தத் தரநிலைகளில் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி என்றால் ஐ.எஸ். 3370ஐயும், நிலநடுக்கத்துக்கான கம்பி அமைப்பு என்றால் ஐ.எஸ். 13920ஐயும் சேர்த்துத் திறக்க வேண்டும். 456ஐ மட்டும் வைத்துத் தொட்டி வடிவமைத்தவர், புத்தகத்தில் ஒரு பிழையும் செய்யாமலே பிழை செய்திருப்பார்.

படி 3: வினைச்சொல்லைக் கவனியுங்கள்

தரநிலை எழுதுபவர்கள் வினைச்சொல்லை அளந்துதான் போடுகிறார்கள். ஆங்கில மூலத்தில் 'ஷல்' வந்தால் கட்டாயம். 'ஷுட்' அல்லது 'ரெகமண்டட்' வந்தால் பரிந்துரை. 'மே' வந்தால் அனுமதி. செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

இதைப் பார்க்க நல்ல இடம் 13.5.1ஆம் பிரிவு. கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் கியூரிங் பற்றியது. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட் (எரிசாம்பல், கசடு போன்றவை கலந்தது) என்றால் குறைந்தது 10 நாள்: இது கட்டாயம். வறண்ட, வெப்பமான சூழல் என்றால் எந்த சிமென்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது: இதுவும் கட்டாயம். கலப்பு சிமென்டுக்கு 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது: இது பரிந்துரை. ஒரே பத்தியில் மூன்று எண்கள். "கியூரிங் எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு 7, 10, 14 என்று மூன்று பேர் மூன்று பதில் சொல்லிச் சண்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மூவரும் ஒரே பத்தியின் வெவ்வேறு வாக்கியங்களைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மூட்டையில் என்ன சிமென்ட் என்று முதலில் பாருங்கள்.

படி 4: ஒரு கேள்வியைக் கடைசி வரை துரத்துங்கள்

இதுதான் இந்தப் பாடத்தின் நடுப்பகுதி, மெதுவாகப் படியுங்கள். 300க்கு 450 மி.மீ. பில்லர். 16 மி.மீ. நேர்க்கம்பிகள், அவற்றைச் சுற்றி 8 மி.மீ. ரிங். மழை படும் இடம், கடலிலிருந்து வெகுதூரம். கவர் எவ்வளவு?

முதலில் 3ஆம் அட்டவணை. சூழலின் கடுமையை அது மைல்ட், மாடரேட், சிவியர், வெரி சிவியர், எக்ஸ்ட்ரீம் என்று ஐந்தாகப் பிரிக்கிறது. மழை படும் கான்கிரீட் மாடரேட்டில் வருகிறது; கடுமையான மழைக்கோ மாறி மாறி நனைந்து காய்வதற்கோ உள்ளானால் சிவியர். நம் பில்லரை மாடரேட்டில் வைப்போம். அங்கிருந்து 16ஆம் அட்டவணைக்குப் போனால் மாடரேட்டுக்கு 30 மி.மீ. பெரும்பாலோர் இங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மூடாதீர்கள். 30 மி.மீ. எதிலிருந்து எது வரை? 26.4.1ஆம் பிரிவு விடை சொல்கிறது: இந்தக் கவர், ரிங் உட்பட எல்லாக் கம்பிக்கும். அதாவது வெளிமுகத்திலிருந்து ரிங்கின் வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும், நேர்க்கம்பி வரை அல்ல. அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் 26.4.2.1: பில்லரின் நேர்க்கம்பிக்குக் கவர் எந்நிலையிலும் 40 மி.மீ.க்கோ, அந்தக் கம்பியின் விட்டத்துக்கோ குறையக் கூடாது. இப்போது கூட்டிப் பாருங்கள். ரிங்குக்கு 30 விட்டால், 8 மி.மீ. ரிங்கைத் தாண்டி நேர்க்கம்பி 38இல் நிற்கும். 40க்கு 2 குறைகிறது. ஆகவே ரிங்குக்கு 32 விட வேண்டும்.

இந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு. சிறிய பக்கம் 200 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்து, கம்பி 12 மி.மீ.க்கு மிகாத பில்லருக்கு 25 போதும். கைபேசியில் சுற்றும் "பில்லருக்கு 25" பட்டியல்கள் இந்த விலக்கைத்தான் நிபந்தனையைக் கழற்றிவிட்டுச் சுமந்து வருகின்றன. நம் பில்லர் 300 மி.மீ.; விலக்கு பொருந்தாது.

32இல் நிறுத்தலாமா? இன்னும் இல்லை. அடுத்து வரும் 26.4.3 தீயைப் பற்றியது. 16ஏ அட்டவணையில் பில்லருக்கான கட்டத்தைப் பாருங்கள்: அரை மணி நேரத்திலிருந்து 4 மணி நேரம் வரை எல்லா வரிசையிலும் 40 மி.மீ. அதுவும் ரிங் உட்பட எல்லாக் கம்பிக்கும் என்று பிரிவே சொல்கிறது. கட்டடத்துக்குத் தீ தாங்கும் நேரம் எதுவாக விதிக்கப்பட்டாலும் ரிங்குக்கு வெளியே 40 விட வேண்டும்.

சூழலைத் தாங்கும் நீடித்த உழைப்பு 30 என்றது. நேர்க்கம்பி 32 என்றது. தீ 40 என்றது. மூன்றில் பெரியது வெல்லும். மேஸ்திரி சொன்ன அதே 40! ஆனால் அவர் அதை நேர்க்கம்பியிலிருந்து அளந்தார். நாம் ரிங்கிலிருந்து அளக்கிறோம். எண் ஒன்றாக இருந்தாலும் கம்பி நிற்கும் இடம் 8 மி.மீ. மாறிவிட்டது.

கட்டும்போது ஒரு நுணுக்கம். 16ஆம் அட்டவணையின் அடிக்குறிப்புப்படி, கவர் குறித்த அளவைவிட 10 மி.மீ. வரை கூடலாம், குறைய மட்டும் கூடாது. எனவே கவர் பிளாக்கை ரிங்கின் மேல் கட்டுங்கள், நேர்க்கம்பியின் மேல் அல்ல. டேப்பை வெளிமுகப் பலகையில் ஊன்றி ரிங் வரை அளந்து பார்த்துவிட்டுப் பலகையை மூடுங்கள். மூடிய பிறகு யாருக்கும் தெரியாது, பல ஆண்டு கழித்துத் துருவுக்கு மட்டும் தெரியும்.

படி 5: எண்ணின் மேலே இருக்கும் வாக்கியம்

சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையையும் முட்டையும், பிரிக்கும் நாள்களை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14, அதற்கு மேல் 21. 11.3.1இல் இந்த எண்கள் இருக்கின்றன, சரிதான். ஆனால் அதற்கு மேலே 11.3இல் இருக்கும் வாக்கியம்தான் எசமான்: பலகையைப் பிரிக்கும் நேரத்தில் கான்கிரீட் மீது வரக்கூடிய அழுத்தத்தைப் போல இரு மடங்கு வலிமையாவது அது எட்டியிருக்க வேண்டும். நாள் கணக்கு, வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகாமல், சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் போட்டு, ஒழுங்காகக் கியூரிங் செய்த இடத்துக்கான சலுகை. வேறு சிமென்ட் என்றால் காலத்தை அதற்கேற்ப மாற்றச் சொல்கிறது. கலப்பு சிமென்ட் போட்டுவிட்டு ஏழாம் நாள் காலையில் முட்டைத் தட்டுபவர் தரநிலையைப் பின்பற்றவில்லை. அதன் பாதியைப் பின்பற்றுகிறார்.

எந்த அட்டவணையானாலும் மேலே இருக்கும் பத்தியையும் கீழே இருக்கும் குறிப்பையும் படித்த பிறகே உள்ளே இருக்கும் எண்ணைத் தொடுங்கள்.

படி 6: இரண்டு நாட்டுப் புத்தகத்தைக் கலக்காதீர்கள்

கான்கிரீட்டின் தரம் எம்25 என்றால் 150 மி.மீ. கனசதுரத்தை 28ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும்போது கிடைக்கும் சிறப்பு வலிமை (சோதனை முடிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் இதற்குக் கீழே வராது என்று எதிர்பார்க்கும் அளவு), சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். ஐரோப்பியத் தரநிலையில் சி25/30 என்று எழுதுவார்கள்: முதல் எண் உருளைக்கு, இரண்டாவது கனசதுரத்துக்கு. அமெரிக்காவின் ஏ.சி.ஐ. 318 உருளையை வைத்துப் பேசுகிறது. ஆகவே சி25/30ஐப் பார்த்து எம்25 என்று படித்தால் ஒரு படி கீழே இறங்கிவிட்டீர்கள். கனசதுரக் கணக்கில் அது எம்30க்கு அருகில் வருவது. சூத்திரமும் பாதுகாப்புக் காரணிகளும் ஒரே குடும்பத்திலிருந்து வர வேண்டும். வெளிநாட்டு வீடியோவில் பார்த்த சூத்திரத்தில் எம்25இன் 25ஐப் போடுவது எனக்கு உடம்பு கூசும் விஷயம்.

படி 7: எழுதி வையுங்கள்

கணக்குத் தாளில் ஒரு வரி போதும்: "பில்லர் கவர் 40 மி.மீ., ரிங்குக்கு வெளியே; ஐ.எஸ். 456 : 2000, பிரிவு 26.4.3, அட்டவணை 16ஏ, சூழல் மாடரேட்." சூழல் என்ற கடைசிச் சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாளை கட்டடத்தின் இடம் மாறினால் முதலில் மாறுவது அதுதான்.

இப்போது அதே பில்லரைக் கடற்கரைக்கு நகர்த்திப் பாருங்கள். 3ஆம் அட்டவணைப்படி சூழல் சிவியர். 16ஆம் அட்டவணையில் 45 மி.மீ., தீயின் 40ஐ அது மிஞ்சுகிறது. 5ஆம் அட்டவணைக்குப் போனால் கான்கிரீட்டும் எம்30க்குக் குறையக் கூடாது, எம்25 போதாது. திரும்ப 16ஆம் அட்டவணையின் அடிக்குறிப்புக்கு வாருங்கள்: எம்35 அல்லது அதற்கு மேல் போட்டால் 5 மி.மீ. குறைக்கலாம். அங்கே இருக்கும் சொல் 'மே'. கடற்கரையில் நான் குறைப்பதில்லை.