சைட் லைவ் போகும் நாளில் கிளையண்ட்டின் மெயில் நிற்காமல் இருக்க

டிசைன் எவ்வளவு நன்றாக வந்தாலும் சரி, புதிய சைட் ஏறிய அன்று கிளையண்ட்டுக்கு ஆர்டர் மெயில் வராமல் போனால் அவர் மனதில் நிற்பது அது ஒன்றுதான். அதனால் இந்த வேலையை வரிசையாகச் செய்யுங்கள்.

1. டொமைன் கிளையண்ட் பெயரில், அவர் மொபைல் எண்ணில் இருக்கட்டும். உங்கள் கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். அது அவர் சொத்து. ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கூட வந்து சேராது.

2. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் (2 போதும்), எழுத்தும் படமும் எந்தத் தேதிக்குள் என்று எழுதி அனுப்பி, ஒப்புதல் வாங்குங்கள். பணம் 40–40–20. கடைசித் தவணை 20 சதவீதத்துக்கு மேல் போனால், "கடைப் படம் இன்னும் எடுக்கலை" என்று மாதக்கணக்கில் இழுக்கும்போது உங்கள் காசுதான் மாட்டும்.

3. இனி டிஎன்எஸ், அதாவது டொமைனின் சைட்டும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று சொல்லும் பதிவுகள் (ரெக்கார்டுகள்). பலரும் சறுக்குவது இங்கேதான். புது ஹோஸ்டிங் நிறுவனம் நேம்சர்வரை (இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றச் சொல்லும். மாற்றினால் பழைய எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்பது), எஸ்பிஎஃப், டிகேஐஎம் (அனுப்பும் மெயில் போலி அல்ல என்று காட்டுபவை) ரெக்கார்டுகள் எதுவும் தானாகக் கூடவே வராது. நேம்சர்வரைத் தொடாமல், ஏ ரெக்கார்டை (டொமைன் எந்த ஐபிக்கு, அதாவது எந்த சர்வரின் எண்ணுக்குப் போகும் என்பது) மட்டும் புது ஐபிக்கு மாற்றுவதே நல்லது.

அதற்கும் முன்னால் எம்எக்ஸ் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ போன்ற தனி மெயில் சேவை என்றால் கவலையில்லை. பழைய சிபேனல் (சைட்டையும் மெயிலையும் நிர்வகிக்கும் மென்பொருள்) ஹோஸ்டிங்கிலேயே மெயில் இருந்தால், எம்எக்ஸ் பெரும்பாலும் அதே டொமைனைத்தான் காட்டும். அப்போது ஏ ரெக்கார்டை மாற்றிய உடனே மெயிலும் புது சர்வருக்குப் போய் முட்டும். தீர்வு: 'மெயில்' என்ற சப்டொமைனுக்குப் பழைய ஐபியில் தனி ஏ ரெக்கார்டு போட்டு, எம்எக்ஸை அதற்குத் திருப்புங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்டு) இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யவும் கூடாது.

டிடிஎல் (ஒரு ரெக்கார்டை மற்ற சர்வர்கள் எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) 14400 என்றிருந்தால், பழைய முகவரி 4 மணி நேரம் வரை கேஷில் நிற்கும். மாற்றுவதற்கு முதல் நாளே 300 ஆக்கிவிடுங்கள். எல்லா ரெக்கார்டுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க எம்எக்ஸ் டூல்பாக்ஸ் என்ற இணையதளம் போதும்.

4. சைட்டை மாற்ற வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். செவ்வாய் காலை வையுங்கள். முதல் நாள் வாட்ஸப்பில், "சார், நாளை 10 மணிக்கு சைட் மாத்தறோம். 11 மணிக்கு உங்க மெயிலுக்கு ஒரு டெஸ்ட் மெயில் வரும், வந்ததும் சொல்லுங்க" என்று அனுப்புங்கள். அவரிடமிருந்தும் ஒரு மெயில் உங்கள் ஜிமெயிலுக்கு வரட்டும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து மட்டும் மெயில் வரவில்லையா? புது சிபேனல் அந்த டொமைனின் மெயில் தன்னிடமே இருப்பதாக நினைத்து உள்ளேயே போட்டுக்கொள்கிறது. புது சிபேனலின் ஈமெயில் ரௌட்டிங் பகுதியில் 'ரிமோட்' (மெயில் வேறு சர்வரில் இருக்கிறது) என்று மாற்றுங்கள்.